ஊசியும் ஊரும் – 9: திட்டிவாசல்

போன வாரம் பாஸ்டர் ஜேக்கப்சனை ஐந்து டாலர் அபராதத்தோடு மாசசூசெட்ஸில் விட்டுவிட்டு வந்தோம். பெரியம்மை பரவும் ஊரில் எல்லோரையும் ஊசி போட்டுக்கொள்ளச் சொல்ல அரசுக்கு அதிகாரம் உண்டு என்று 1905-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அவருக்குச் சொல்லிவிட்டது. 1922-ல் டெக்சஸின் சான் அன்டோனியோவிலிருந்து அடுத்த வழக்கு வந்தது. ஊரில் தொற்றே இல்லாதபோது ஊசி போடாத பெண்ணைப் பள்ளி எப்படித் திருப்பி அனுப்பலாம் என்று கேட்டார்கள். அனுப்பலாம் என்று நீதிபதி பிராண்டைஸ் சில பத்திகளிலேயே கதையை முடித்தார்.

அத்தோடு சண்டை ஓய்ந்திருக்க வேண்டும். ஓயவில்லை. வாசலுக்குப் பூட்டுப் போட்ட சட்டமன்றங்களே அதில் ஒரு திட்டிவாசலையும் வைத்துக்கொடுத்தன. கோட்டைக் கதவு சாத்தியிருக்கும்போது ஒற்றை ஆள் குனிந்து நுழைவதற்காக வைப்பார்களே, அந்தச் சின்னக் கதவு. அமெரிக்கச் சட்டத்தில் அதற்கு மத விலக்கு என்று பெயர்.

இந்தக் கதவைக் கேட்டு வாங்கியவர்களில் முக்கியமானவர்கள் கிறிஸ்டியன் சயின்ஸ் சபையார். 1879-ல் மேரி பேக்கர் எடி என்ற அம்மையார் பாஸ்டனில் தொடங்கிய சபை. நோய் என்பது மனத்தின் மயக்கம், அதைத் தீர்க்கப் பிரார்த்தனை போதும் என்பது கொள்கை. எண்ணிக்கையில் சிறிய கூட்டம்தான். ஆனால் படித்தவர்கள், வசதியுள்ளவர்கள், மாநிலத்துக்கு மாநிலம் சட்டமன்றக்காரர்களைப் பார்த்துப் பேச ஆள் வைத்திருந்தவர்கள். 1966-ல் நியூயார்க் மாநிலம் பள்ளிப் பிள்ளைகளுக்குப் போலியோ மருந்தைக் கட்டாயமாக்கியபோது இவர்கள் போய்ப் பேசினார்கள். அங்கீகரிக்கப்பட்ட மத அமைப்பின் உண்மையான உறுப்பினராக இருந்து, அந்த மதத்தின் போதனையும் ஊசிக்கு எதிராக இருந்தால், பிள்ளைக்கு விலக்கு உண்டு என்று ஒரு வரி சட்டத்தில் ஏறியது.

இத்தனைக்கும் எடி அம்மையார் 1901 வாக்கிலேயே தன் சீடர்களுக்கு வேறு வழி காட்டியிருந்தார். சட்டம் கேட்டால் ஊசியைப் போட்டுக்கொள்ளுங்கள், அதனால் கெடுதல் வராமல் பார்த்துக்கொள்ளும்படி தேவனிடம் வேண்டிக்கொள்ளுங்கள் என்றார். குருவைவிடச் சீடர்களுக்குக் கொள்கைப் பிடிப்பு கொஞ்சம் அதிகமாக இருந்துவிட்டது.

அதற்கான விலையை அவர்கள் பிள்ளைகளே கொடுத்தார்கள். 1985-ல் இல்லினாய் மாநிலத்தில் அந்தச் சபையாரின் பிரின்சிபியா கல்லூரியில் தட்டம்மை புகுந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் படுத்தார்கள், மூன்று பேர் இறந்தார்கள். 1991-ல் பிலடெல்ஃபியாவில் நடந்தது இன்னும் கொடுமை. ஃபெயித் டேபர்னக்கிள், ஃபர்ஸ்ட் செஞ்சுரி காஸ்பெல் என்று இரண்டு சபைகள். ஊசியை மட்டும் மறுத்தவர்கள் இல்லை, டாக்டரையே மறுத்தவர்கள். அவர்களுக்குள் மட்டும் 486 பேருக்குத் தட்டம்மை கண்டது. ஆறு குழந்தைகள் போய்விட்டன. கடைசியில் நகர நிர்வாகம் நீதிமன்ற ஆணை வாங்கி, பெற்றோரின் விருப்பத்தை மீறிப் பிள்ளைகளுக்கு ஊசி போட்டது.

இவர்களைக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை. தன் பிள்ளை சவப்பெட்டியில் கிடக்கும்போதும் மாறாத ஒன்றைப் பொய் நம்பிக்கை என்று எப்படிச் சொல்வது? அந்தக் கதவு யாருக்காக வைக்கப்பட்டதோ, அவர்கள் இவர்கள்தான். ஆனால் பிறகு அந்தக் கதவில் நெரிசல் உண்டாக்கியவர்கள் வேறு ஆட்கள்.

அமெரிக்க அரசியல் சாசனம், அரசு எந்த மதத்துக்கும் சலுகை காட்டக்கூடாது என்கிறது. அப்படியானால் ‘அங்கீகரிக்கப்பட்ட மத அமைப்பு’ என்று முத்திரை குத்த அரசு யார்? 1987-ல் நியூயார்க்கின் லாங் ஐலண்டில் இரண்டு குடும்பங்கள் இதைக் கேட்டன. ஒரு குடும்பத்தின் தகப்பனார் கைரோப்ராக்டர், அதாவது முதுகெலும்பை அழுத்திச் சரிசெய்து வைத்தியம் பார்க்கிறவர். ஏதோ ஒரு சபையில் தபால் வழியே உறுப்பினராகியிருந்தார். கேள்வி நியாயமானது என்று ஒத்துக்கொண்ட ஃபெடரல் நீதிபதி, ‘அங்கீகரிக்கப்பட்ட’ என்ற நிபந்தனையை அடித்துப்போட்டார். அதன் பிறகு இரண்டு குடும்பங்களையும் தராசில் வைத்தார். ஒரு குடும்பத்தின் நம்பிக்கை உண்மையானது, கைரோப்ராக்டர் குடும்பத்தினுடையது உண்மையானது இல்லை என்றார்.

இந்த வழக்குகளில் கைரோப்ராக்டர்கள் திரும்பத் திரும்ப வருவது தற்செயல் இல்லை. 1895-ல் அந்த வைத்தியத்தைத் தொடங்கிய பாமர் என்பவரே ஊசியை வெறுத்தவர்.

1987 தீர்ப்புக்குப் பிறகு தராசு பள்ளிகளின் கைக்கு வந்தது. எழுதிக் கொடுத்த தாளைப் பார்த்து, கூடுதல் சான்று கேட்டு, எதிரே உட்கார்ந்திருக்கும் தாய் தகப்பனின் மனத்தில் இருப்பது கடவுளா பயமா என்று பள்ளித் தலைமை முடிவு சொல்ல வேண்டும். வருகைப் பதிவேட்டையும் மதிய உணவையும் கவனிக்க வேண்டியவர்களுக்கு இது என்ன வேலை? ஒரு கத்தோலிக்கத் தாயின் மனு நீதிமன்றம்வரை போனது. அவருடையது உடல்நலக் கவலைதான், சமயக் கொள்கை இல்லை என்று தள்ளுபடி ஆனது. கத்தோலிக்கத் தலைமைப்பீடமோ ஊசியைத் தடுக்கவே இல்லை. ருபெல்லா தடுப்பூசியை வளர்க்கும் செல்கள் 1960-களில் கலைக்கப்பட்ட கருவிலிருந்து வந்தவை என்பது அதற்கு உறுத்தல்தான். ஆனாலும் மாற்று இல்லாதபோது போட்டுக்கொள்ளலாம் என்று வாட்டிகனின் கழகம் ஒன்று 2005-ல் சொல்லிவிட்டது. யெகோவாவின் சாட்சிகள் ஒரு காலத்தில் ஊசியைக் கடுமையாக எதிர்த்தவர்கள். அவர்களும் 1952-ல் அதை அவரவர் மனசாட்சிக்கு விட்டுவிட்டார்கள். ஊசி பாவம் என்று வேதத்தில் எழுதிவைத்த பெரிய மதம் ஒன்றைத் தேடினால் கிடைப்பது கஷ்டம்.

நோய்க்கே அம்மன் பெயர் வைத்த ஊர்க்காரர்கள் நாம். அம்மை கண்ட வீட்டில் வாசலில் வேப்பிலை செருகி, தாளிக்காமல் சமைத்து, வெளியாளை உள்ளே விடாமல் அம்மாவை மரியாதையாக அனுப்பிவைப்போம். அந்த வீட்டிலிருந்தே புதன்கிழமை கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு சுகாதார நர்ஸிடம் ஊசிக்கும் போவோம். மாரியம்மன் யாரையும் விலக்குப் படிவத்தில் கையெழுத்துப் போடச் சொன்னதில்லை.

வெர்மான்ட் மாநிலத்தின் கதையைக் கேட்டால் இந்தப் படிவத்தின் சூட்சுமம் புரியும். அமெரிக்காவிலேயே சர்ச் பக்கம் அதிகம் போகாத மாநிலங்களில் ஒன்று அது. அங்கே ‘தத்துவ விலக்கு’ என்று ஒன்று இருந்தது. எனக்கு இதில் உடன்பாடில்லை என்று சொன்னால் போதும், சாமியை இழுக்க வேண்டாம். 2016-ல் அதை எடுத்துவிட்டு மத விலக்கை மட்டும் வைத்துக்கொண்டார்கள். அதற்கு முன் மத விலக்குக் கேட்ட மழலையர் வகுப்புப் பிள்ளைகள் நூற்றுக்கு 0.5 பேர். பிறகு 3.7 பேர். பக்தி ஏழு மடங்கு பெருகிவிட்டது! படிவத்தில் எந்தக் கட்டம் மிச்சமிருந்ததோ அந்தக் கட்டத்துக்கு ஆட்கள் நகர்ந்தார்கள், அவ்வளவுதான்.

என்னைக் கேட்டால், இந்தச் சட்டங்களின் கோளாறு மதத்தில் இல்லை. அளக்கவே முடியாத ஒன்றை அளந்து பார்த்து அனுமதிச் சீட்டுக் கொடுப்பதாக அரசு ஏற்றுக்கொண்டதே, அதில்தான் இருக்கிறது. உண்மையான பக்தனும் உள்ளே வருகிறான், நன்றாகக் கடிதம் எழுதத் தெரிந்தவனும் வருகிறான். எழுதத் தெரியாத ஏழைத் தாய் ஊசி போட்டுக்கொண்டு வருகிறாள்.

இதை மிகத் தெளிவாகப் பார்த்தது, யாரும் எதிர்பார்க்காத மிசிசிப்பி. தெற்கே, பைபிள் மண்டலத்தின் நடுவில் கிடக்கும் ஏழை மாநிலம். அங்கும் ஒரு கைரோப்ராக்டர்தான் வழக்குப் போட்டார். பிரார்த்தனையால் குணமாக்கும் சபைகளின் உறுப்பினருக்குத்தான் சட்டம் விலக்குத் தந்தது. அவருடைய சபை அப்படிப்பட்டது இல்லை. என் நம்பிக்கையும் உண்மையானதுதான், ஆறு வயது மகனை ஊசி இல்லாமல் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்டார். 1979-ல் மாநில உச்ச நீதிமன்றம் அவர் வழக்கை அவர் மீதே திருப்பியது. விலக்குப் பெற்ற பிள்ளையின் பக்கத்தில் உட்காரும் மற்றப் பிள்ளைகளின் நிலை என்ன? அவர்கள் ஊசியும் போட்டுக்கொள்ள வேண்டும், ஊசி போடாதவனால் வரும் ஆபத்தையும் சுமக்க வேண்டும். சட்டத்தின் முன் சமம் என்பது இதுவா? அப்படிக் கேட்டு, மத விலக்கையே மொத்தமாக ரத்து செய்தது. கதவை அகலப்படுத்தக் கேட்கப் போனவர், சுவரே எழுப்பிவிட்டு வந்தார்.

அந்தச் சுவர் 44 வருடம் நின்றது. மற்றப் புள்ளிவிவரங்களில் நாட்டின் கடைசி வரிசையில் நிற்கும் மிசிசிப்பி, பள்ளித் தடுப்பூசியில் மட்டும் 99 சதவீதத்தைத் தாண்டி முதல் வரிசையில் இருந்தது.

நியூயார்க்குக்கு அந்தப் புத்தி வர 2019 ஆனது. 2018 இலையுதிர் காலத்தில் இஸ்ரேல் போய் வந்தவர்களோடு தட்டம்மை வந்து, புரூக்ளினிலும் ராக்லண்ட் கவுன்ட்டியிலும் நெருக்கமாக வாழும் வைதீக யூதக் குடும்பங்களுக்குள் பரவியது. நகரத்தில் மட்டும் 649 பேர். ரப்பிகளில் பெரும்பாலோர் ஊசி போடச் சொன்னவர்கள்தான். கைக்குக் கை மாறிய பயமுறுத்தும் சிறு பிரசுரங்கள் வேறு சொன்னன. அந்த வருடம் நாடு முழுக்க 1,274 பேருக்குத் தட்டம்மை, 1992-க்குப் பிறகு அதுவரை அதுவே அதிகம். ஜூன் 13 அன்று 77-க்கு 53 என்ற வாக்கில் கீழவை மத விலக்கை நீக்கியது. மேலவையும் ஒப்பியது. ஆளுநர் குவோமோ அன்றைக்கே கையெழுத்திட்டார். சுமார் 26,000 பிள்ளைகளின் விலக்கு ஒரே நாளில் செல்லாமல் போனது. நம் ஆட்கள் நிறைய இருக்கும் நியூஜெர்ஸியும் பின்னாலேயே கிளம்பியது. 2020 ஜனவரியில் செனட்டில் ஒரே ஒரு வாக்குக் குறைந்து அந்த மசோதா விழுந்தது. அங்கே இன்றும் பெற்றோர் எழுதிக் கொடுத்தால் போதும்.

பிறகு காற்று திசை மாறியது. கொரோனா காலத்தில் தேவாலயங்களை மூடிய வழக்குகளில் உச்ச நீதிமன்றம் ஒரு புது அளவுகோலைக் கையில் எடுத்தது. மதம் சாராத காரணம் ஒன்றுக்கு விலக்குக் கொடுத்தால், மதக் காரணத்தையும் அதற்குச் சமமாக நடத்த வேண்டும். நோயாளிப் பிள்ளைக்கு டாக்டர் சீட்டில் விலக்குத் தருகிறாய், பக்தனுக்கு ஏன் இல்லை? டெக்சஸ் அமைப்பு ஒன்றின் செலவில் இந்தக் கேள்வி மிசிசிப்பிக்குப் போனது. 2023 ஏப்ரலில் ஃபெடரல் நீதிபதி ஒருவர் ஆணையிட, ஜூலை 15-ல் 44 வருடச் சுவரில் மறுபடி கதவு திறந்தது. எனக்கு இந்தத் தர்க்கம் உவப்பாக இல்லை. புற்றுநோய்க்கு மருந்து சாப்பிடும் பிள்ளைக்கு உயிருள்ள கிருமி கலந்த ஊசியைப் போட முடியாது. அந்தப் பிள்ளையைக் காப்பதற்காகத்தான் மற்றவர்கள் போட்டுக்கொள்கிறார்கள். இரண்டு விலக்கையும் ஒரே தட்டில் வைத்தால் அந்தப் பிள்ளையை எங்கே உட்காரவைப்பது?

2024–25 கல்வியாண்டில் அமெரிக்க மழலையர் வகுப்பில் ஏதோ ஒரு விலக்குப் பெற்றவர்கள் 3.6 சதவீதம். தட்டம்மையை அடக்கி வைக்க 95 சதவீதம் பேருக்கு ஊசி வேண்டும், இருப்பது 92.5.

நியூயார்க்கில் மிச்சமிருப்பது ஆமிஷ் மக்கள். குதிரை வண்டியில் போகிற, தங்கள் நிலத்தில் தாங்களே பள்ளி நடத்துகிற விவசாயிகள். ஆமிஷ்களிலேயே ஊசி போடுகிறவர்கள் உண்டு, போடாதவர்கள் உண்டு. 2019 சட்டத்துக்குக் கட்டுப்படாத மூன்று ஆமிஷ் பள்ளிகளுக்கு மாநிலம் போட்ட அபராதம் 1,18,000 டாலர். 2025 மார்ச்சில் மேல்முறையீட்டு நீதிமன்றம் மாநிலத்தின் பக்கம் நின்றது. டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நீக்கி, மறுபடி பார் என்று திருப்பி அனுப்பியது. எந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும் என்றும் குறித்துக் கொடுத்தது: மேரிலாண்டில் சில கதைப் புத்தகங்கள் வாசிக்கப்படும் நேரத்தில் பிள்ளைகளை வகுப்புக்கு வெளியே வைத்துக்கொள்ளப் பெற்றோருக்கு அந்த ஜூனில் கொடுத்த தீர்ப்பு. கதைப் புத்தகம் தொற்றாது, தட்டம்மை தொற்றும் என்ற வித்தியாசத்தைக் கீழ் நீதிமன்றம் இனி எடுத்துச் சொல்ல வேண்டும்.

அடுத்த வாரம் மேற்கு வர்ஜீனியா. மத விலக்கே கொடுத்தறியாதிருந்த அந்த மலை மாநிலத்தில் ஆளுநர் ஒரு பக்கமும் கல்வி வாரியம் இன்னொரு பக்கமும் நின்று கயிறு இழுத்த கதை.

(தொடரும்)