பாரம் சுமந்த பழைய சிறு வண்டிகள்

விருதுநகர்ப் பேட்டைக்கு வரும் வற்றல் மூட்டையும், அருப்புக்கோட்டைத் தறிகளுக்குப் போகும் நூல் கட்டும், சிவகாசியிலிருந்து புறப்படும் தீப்பெட்டிக் கட்டும் உரிய இடம் சேர்ந்த பிறகே பணமாகின்றன. இப்பாரத்தை முன்னர் மாட்டு வண்டி சுமந்தது. 2005-இல் டாட்டா ஏஸ் வந்தபின், நம் மக்கள் 'குட்டி யானை' என்றழைக்கும் அச்சிறு லாரி சுமக்கின்றது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட காலத்தில் நமக்கு உழைத்த சிறு மோட்டார் வண்டிகளை நாம் ஏறக்குறைய மறந்தே போனோம்.

அவற்றுள் முதலில் நினைக்கத்தக்கது டெம்போ. இது ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரத் தொழிற்சாலை ஒன்றின் வண்டிப் பெயர். பஜாஜ் டெம்போ நிறுவனம் 1958-இல் 'ஹான்சியட்' என்னும் மூன்று சக்கர டெம்போவை இந்தியாவில் செய்யத் தொடங்கிற்று. 1969-இல் நான்கு சக்கர மாட்டடோர் வந்தது. அந்நிறுவனம் 2005-இல் ஃபோர்ஸ் மோட்டார்ஸ் எனப் பெயர் மாறிற்று. ஆயினும் சிறு சுமை வண்டி எதனையும் டெம்போ என்றே சொல்லும் வழக்கம் நம்மிடையே நிலைத்துவிட்டது.

ஹான்சியட்டின் அமைப்பு எளியது. இயந்திரம் முன் சக்கரத்தை ஒட்டி அமைந்து, சங்கிலியின் வழியே அச்சக்கரத்தையே சுழற்றும். பின்புறத்திற்கு நீண்ட தண்டு வேண்டாமையால் சுமைத்தட்டைத் தாழ்வாக அமைக்க முடிந்தது. மூட்டையைத் தோளிலிருந்து இறக்குபவருக்கு இது பேருதவி. குறையும் உண்டு: பின்புறம் பாரம் மிகுந்தால் முன் சக்கரத்தின் பிடிப்புக் குறைந்து, ஏற்றங்களில் அது வழுக்கும். பெட்ரோலுடன் எண்ணெய் கலந்து எரிக்கும் இயந்திரமாதலால் புகையும் அதிகம்.

பழைய மோட்டார்களைச் சேகரித்துப் பேணுவோர் நம் நாட்டில் பலர். 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பஸ் ஓட்டத் தொடங்கிய ஜி.டி. நாயுடு அவர்களின் குடும்பத்தார் கோயம்புத்தூரில் அமைத்த கார்க் காட்சிசாலை 2015-இல் திறக்கப்பட்டது. எனினும் சேகரிப்போர் பெரும்பாலும் நாடுவது கார்களையே. கார் உரிமையாளரின் கொட்டகையில் நிழலில் நிற்கும். சுமை வண்டியோ உழைத்து உருக்குலைந்தபின் காயலான் கடையில் எடைக்கு விற்கப்படும்.

சட்டமும் இவ்வேற்றுமையைப் போக்கவில்லை. 2021 ஜூலையில் மத்திய அரசு பழம்பெரும் வாகனங்களுக்கெனத் தனி விதிகள் வெளியிட்டது. 50 ஆண்டுகளைக் கடந்து, மூல உருவம் மாறாத இரு சக்கர, நான்கு சக்கர வாகனங்களை 20,000 ரூபாய் கட்டணத்தில் 10 ஆண்டுகளுக்குப் பதிவு செய்யலாம், 'வி.ஏ.' என்னும் எழுத்துக்களுடன் எண் கிடைக்கும். ஆனால் இது வணிகத்துக்கல்லாத சொந்த வாகனங்களுக்கானது. மூன்று சக்கர வண்டிக்கு இதில் இடமில்லை. மறுபுறம், 15 ஆண்டு கடந்த வாடகைச் சுமை வண்டிகளின் தகுதிச் சான்றுக் கட்டணம் 2022 ஏப்ரல் முதல் உயர்ந்துள்ளது. பழைய வண்டியை ஓட்டியே தீர வேண்டும் என்று நாம் வாதிக்கவில்லை. புகையும் விபத்தும் குறைய வேண்டியவையே. ஓட்டம் நின்ற வண்டிகள் யாவும் உருகியே போக வேண்டுமா என்பதே நம் கேள்வி.

தனி அங்கத்தினர் ஒருவருக்கு இதற்கு இடமும் பொருளும் இல்லாதிருக்கலாம். சங்கத்தின் கிட்டங்கியில் ஒரு மூலை கிடைப்பது அரிதன்று. ஊரில் அத்தகைய வண்டி எஞ்சியிருக்குமாயின், விற்கும் முன் சங்கத்தாரிடம் ஒரு சொல் சொல்லுங்கள். பதிவுப் புத்தகம், வாடகை ரசீது, பழைய புகைப்படம் ஆகியவற்றையும் காப்பாற்றுங்கள். பளபளப்புக்காகப் புது வர்ணம் பூச வேண்டாம். சுமைத்தட்டின் தேய்ந்த பலகையும், கதவில் எழுதிய கடைப்பெயரும் அவ்வண்டியின் சரித்திரமாகும். துருப்பிடித்த இடத்தில் எண்ணெய் தடவி, டாங்கியிலுள்ள பெட்ரோலை வடித்துவிட்டு, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து நிறுத்தினாற் போதும். நம் பகுதிக்குரிய எச்சரிக்கை ஒன்றும் உண்டு: காட்சிக்காகக்கூட அதில் பட்டாசு ஏற்றலாகாது.

அவ்வண்டியை ஓட்டியவர்களும் அதில் மூட்டை ஏற்றியவர்களும் இப்பொழுது முதுமை அடைந்துள்ளனர். எந்த வழியில் சென்றனர், எவ்வளவு பாரம் ஏற்றினர், எந்த மேட்டில் இறங்கித் தள்ளினர் என்பனவற்றை இன்றே கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். இரும்பு சில காலம் பொறுத்திருக்கும். அவர்கள் நினைவு அவ்வாறு காத்திராது.