தாமரைக்கு மாசி மாதம்

இலையை நீர்மேல் மிதக்கவிட்டுக் கிடக்கும் அல்லியைப் போலன்றி, தண்டை நிமிர்த்தி இலையையும் மலரையும் நீர்மட்டத்துக்கு மேலே உயர்த்தி நிற்பது தாமரையின் சுபாவம். முதல் இரண்டு வருஷம் பூத்துக் குலுங்கிய கொல்லைத் தொட்டி, மூன்றாம் வருஷம் வெறும் இலைக்காடாக நிற்பதைக் கண்டு எருவைக் கொட்டுகிறவர்கள் அநேகர்; குறையோ சேற்றுக்கு அடியில் இருக்கிறது. கணுவுக்குக் கணு இலைவிட்டுக்கொண்டு புதுச் சேற்றைத் தேடி ஓடும் கிழங்கு, ஓட இடமில்லாமல் சுவரோரமாகவே சுற்றிச்சுற்றி, ஒன்றன்மேல் ஒன்றாகப் பின்னிக்கொண்டு, நாளடைவில் விரல் கனத்துக்கு மெலிந்துவிடுகிறது.

ஆகவே கலைத்து நடத்தான் வேண்டும். ஆனால் பூ குறைந்ததைக் கண்ட சித்திரையிலோ வைகாசியிலோ கையை வைப்பது பெரும் தவறு. அப்பொழுது கிழங்கில் சேமித்திருந்த மாவெல்லாம் புதுக் கொடிகளில் செலவாகிப்போயிருக்கும், கொடிகளும் தொட்டால் ஒடியும். பனிக்காலத்தில் சோர்ந்து கிடந்த செடி, வெயில் ஏறத் தொடங்கும் மாசிக் கடைசியில் விழித்து, முனை பருத்து, இன்னும் ஓடத் தொடங்காமல் இருக்கிற அந்த இரண்டு மூன்று வாரங்களே தக்க பருவம்.

தண்ணீரை இறைத்துவிட்டு, மண்வெட்டியை ஒதுக்கி வைத்து, கையாலேயே சேற்றைத் துழாவ வேண்டும். யானைத் தந்தத்தின் நிறத்தில், கூம்பிய மொட்டுப்போல் இருக்கும் அந்த முனைதான் கிழங்குக்கு உயிர். ஒரு தடவை என் அவசரத்தில் அது மளுக்கென்று ஒடிய, அந்தத் துண்டு கடைசிவரை துளிர்க்கவேயில்லை. முனையோடு இரண்டு மூன்று கணு இருக்கும்படி நறுக்கினால், வெட்டுவாயில் வட்டமாய் அமைந்த துவாரங்களும், பிரித்தால் இழை இழையாக நீளும் வெண்ணூலும் தெரியும். களிமண் சேற்றில் படுக்கவைத்து மூடி, மிதந்துவிடாதபடி ஒரு கல்லை வைத்து, முதலில் நாலு விரற்கடை ஜலம் மட்டும் நிறுத்தி, இலை எழ எழ உயர்த்த வேண்டும்.

அந்தத் துவாரங்கள் காற்று போகும் வழி. நீருக்கு மேலே நிற்கும் தண்டின் வழியாகத்தான் சேற்றுக்குள் கிடக்கும் கிழங்கு சுவாசிக்கிறது என்பதால், காய்ந்த தண்டானாலும் நீருக்கு அடியில் அறுக்கலாகாது. குளத்தை அடைக்கும் சம்புக்கும் இதே அமைப்புத்தான்: வேண்டுகிறவர் நீருக்கு மேலே அறுக்கலாம், வேண்டாதவர், ஒரு கதிரே லட்சத்துக்கு மேற்பட்ட விதைகளைப் பஞ்சாய்ப் பறக்கவிடுவதற்கு முன்பே, பச்சைத் தண்டு காய்ந்த தண்டு எல்லாவற்றையும் நீர்மட்டத்துக்குக் கீழே அறுத்துவிட்டால், கிழங்கு மூச்சுமுட்டி அழுகிவிடும்.

நட்டதுபோக மிஞ்சிய தாமரைக் கிழங்கை எறிய வேண்டியதில்லை. சேறு போகக் கழுவி, வில்லைகளாக அரிந்து, உப்பிட்ட மோரில் ஊறவைத்து எடுத்தால், வற்றல் காய்வதற்குப் பங்குனி வெயில் தயாராக இருக்கிறது.