கற்பிப்பது பல்கலைக்கழகம், தேர்வு வைப்பது அரசு

ஜெர்மனியில் சட்டம் பயிலும் மாணவர் ஒருவர் நான்கைந்து ஆண்டுகள் பல்கலைக்கழகத்தில் விரிவுரை கேட்டு, கருத்தரங்கில் கட்டுரை படித்து, பருவத் தேர்வுகள் அனைத்திலும் தேறினாலும், அவரைச் சட்டம் கற்றவராக அறிவிக்கும் அதிகாரம் அந்தப் பல்கலைக்கழகத்திடம் முழுமையாக இல்லை. அதன் பெரும்பகுதி, ஒவ்வொரு மாநிலத்திலும் நீதித்துறையின்கீழ் இயங்கும் தேர்வு அலுவலகத்திடம் உள்ளது. 2003 முதல் நடப்பிலுள்ள முறைப்படி, முதல் தேர்வின் மதிப்பெண்ணில் 70 விழுக்காடு மாநிலம் நடத்தும் கட்டாயப் பாடங்களின் தேர்வுக்கும், எஞ்சிய 30 விழுக்காடு மட்டுமே பல்கலைக்கழகம் நடத்தும் விருப்பப் பாடத்துக்கும் உரியது. ‘ஸ்டாட்ஸ்எக்ஸாமென்’, அதாவது அரசுத் தேர்வு என்று மாணவர்கள் இன்றும் வழங்கும் இந்த ஏற்பாட்டில் கற்பிப்பவர் ஒருவர், மதிப்பிடுபவர் வேறொருவர். அங்குள்ள சட்ட மாணவர்களின் அனுபவங்களில் பெரும்பாலானவை, அச்சமும் பெருமிதமும் உட்பட, இந்தப் பிளவிலிருந்தே பிறக்கின்றன.

பிளவின் தோற்றத்தைப் பிரஷ்ய அரசில் தேட வேண்டும். தன் நீதிபதிகளையும் அதிகாரிகளையும் தானே சோதித்து எடுத்துக்கொள்ள விரும்பிய அந்த அரசு, 1869இல் படிப்பின் முடிவில் ஒன்றும் பயிற்சிக் காலத்தின் முடிவில் மற்றொன்றுமாக இரண்டு தேர்வுகளை வகுத்தது; 1877ஆம் ஆண்டின் நீதிமன்ற அமைப்புச் சட்டம் அம்முறையைப் பேரரசு முழுவதற்கும் விரித்தது. நீதிபதி பதவிக்கான தகுதியைப் பெறுவதே சட்டக் கல்வியின் இலக்கு என்னும் கொள்கை 1961இன் ஜெர்மானிய நீதிபதிகள் சட்டத்திலும் தொடர்கிறது. ஆகவே நீதிபதி, அரசு வழக்குரைஞர், வழக்கறிஞர், நோட்டரி ஆகிய யாராக விரும்பினாலும் எழுத வேண்டிய தேர்வுகள் அதே இரண்டுதான். பெருநிறுவனம் ஒன்றுக்கு ஒப்பந்தம் வரைய விரும்புபவரும் நீதிபதியைப் போலவே பயிற்றுவிக்கப்படுகிறார். தமிழ்நாட்டில் சட்டப் பட்டம் பெற்றவர் பார் கவுன்சிலில் பதிவு செய்து வழக்கறிஞராகிறார். உரிமையியல் நீதிபதி தேர்வு அதற்கு அப்பால் தனியே நிற்கிறது, அதற்கு மூன்றாண்டு வழக்கறிஞர் அனுபவம் தேவை என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2025 மே 20 அன்று தீர்ப்பும் அளித்தது. ஜெர்மனியிலோ ஒரு நாள்கூட வழக்கறிஞராகத் தொழில் செய்யாத ஒருவர், இரண்டு தேர்வுகளிலும் நல்ல புள்ளிகள் பெற்றிருந்தால், முப்பது வயதுக்கு முன்பே தகுதிகாண் நீதிபதியாக இருக்கையில் அமர்ந்துவிடலாம்.

முதல் பருவத்திலேயே உரிமையியல், குற்றவியல், பொதுச் சட்டம் ஆகிய மூன்று பெருந்துறைகளும் ஒருசேரத் தொடங்குகின்றன. 1900 ஜனவரி 1 முதல் நடைமுறையிலுள்ள உரிமையியல் சட்டத் தொகுப்பு புது மாணவருக்குத் தரும் முதல் அதிர்ச்சி பேக்கரியிலிருந்து வருகிறது. கடையில் ஒரு ரொட்டியைக் காசு கொடுத்து வாங்குவது ஓர் ஒப்பந்தம் அன்று, மூன்று என்று அவருக்குச் சொல்லப்படுகிறது: விற்கவும் வாங்கவும் கடமைப்படுவது ஒன்று, ரொட்டியின் உடைமையை மாற்றுவது இரண்டு, காசின் உடைமையை மாற்றுவது மூன்று, முதலாவது செல்லாமற்போனாலும் மற்ற இரண்டும் தாமாகவே வீழ்வதில்லை. ட்ரியர் நகரத்து மது ஏலத்தில் நண்பரைக் கண்டு கையுயர்த்தியவரிடம் ஏலக்காரர் சரக்கைத் தள்ளிவிட்டால் அவர் வாங்கியவராவாரா என்னும் கற்பனை வழக்கு, 1899இல் எழுதப்பட்டுத் தலைமுறை தலைமுறையாக வகுப்புகளில் உயிர்வாழ்கிறது. குற்றவியலில் கற்பனையே தேவைப்படுவதில்லை. ‘பூனை அரசன்’ என்னும் தீய சக்தி மனித குலத்தை அழிக்கப்போவதாகவும், ஒரு பெண்ணைப் பலியிட்டால்தான் அது அடங்கும் என்றும் ஒரு காவலரை நம்பவைத்துக் கொலை முயற்சிக்குத் தூண்டிய இருவரின் வழக்கில் கூட்டாட்சி உயர் நீதிமன்றம் 1988இல் அளித்த தீர்ப்பை, பிறரைக் கருவியாக்கிக் குற்றம் செய்வது பற்றிய பாடத்தில் படிக்காத சட்ட மாணவர் அங்கே இருக்க முடியாது.

பாடப்பொருளைவிடக் கடினமானது எழுதும் முறை. ‘குட்டாஹ்டென்’ என்னும் ஆய்வுரை நடையில் முடிவை முதலில் சொல்லக் கூடாது. உணவகத்தில் பிறர் குடையைத் தன்னுடையது என்று எண்ணி எடுத்துச் சென்றவர் திருடினாரா என்பது கேள்வியாயின், திருட்டுக் குற்றம் நிகழ்ந்திருக்கலாம் என்ற கருதுகோளை முதலில் நிறுத்தி, சட்டப்பிரிவு கோரும் கூறுகளை ஒவ்வொன்றாக வரையறுத்து, குடை பொருளா, அசையக்கூடியதா, பிறருக்கு உரியதா, அவரிடமிருந்து அகற்றப்பட்டதா, எடுத்தவர் அதையெல்லாம் அறிந்தே செய்தாரா என்று நிகழ்வைச் சட்டச் சொற்களோடு பொருத்திப் பார்த்து, பிறருடையது என்ற அறிவு இல்லாததால் திருட்டு இல்லை என்ற முடிவுக்கு இறுதியில்தான் வரவேண்டும். குடை அசையும் பொருள் என்பதை எழுத்தில் நிறுவும் இந்த ஒழுங்கு வெளியாருக்கு நகைப்பாகத் தோன்றலாம். ஆனால் ஐந்து மணி நேரத் தேர்வில் எதை விரித்து எழுதுவது, எதை ஒரு வரியில் கடப்பது என்ற தேர்ச்சியைத்தான் திருத்துநர் தேடுகிறார். படிப்பு முடிந்து நீதிமன்றப் பயிற்சிக்குச் சென்றவுடன் வேறொரு வேடிக்கை நிகழ்கிறது: தீர்ப்புரையில் முடிவு முதலிலும் காரணம் பின்னும் வரவேண்டும் என்பதால், ஐந்தாண்டுப் பழக்கத்தை மாணவர் தலைகீழாக்கிக் கொள்கிறார்.

தேர்வு மண்டபத்துக்குள் சட்ட நூலைக் கொண்டு செல்லலாம். நம் சட்டக் கல்லூரிகளில் ‘பேர் ஆக்ட்’ எனப்படும் விளக்கவுரையற்ற சட்டப் பாடங்களின் பெருந்தொகுதிகள் சிவப்பு உறையில், தாள்களைக் கழற்றிச் சேர்க்கும் அமைப்பில் வருகின்றன. சட்டம் திருத்தப்படும்போதெல்லாம் பதிப்பகம் அனுப்பும் புதுத் தாள்களைப் பழையவற்றின் இடத்தில் கோக்கும் வேலையை மாணவர்கள் தவிர்க்க முடியாத தண்டனையாகவே கருதுகிறார்கள். உரிமையியலுக்கும் குற்றவியலுக்கும் உரிய தொகுதி ‘ஷோன்ஃபெல்டர்’ என்றும், உரிமையியல் விளக்கவுரை ‘பலாண்ட்’ என்றும் பல்லாண்டுகள் வழங்கின. இப்பெயர்களுக்கு உரியவர்களில் ஷோன்ஃபெல்டர் நாஜிக் கட்சி உறுப்பினர். ஓட்டோ பலாண்ட் ஹிட்லர் ஆட்சியில் நாடு முழுவதற்குமான சட்டத் தேர்வு அலுவலகத்தின் தலைவர். இளம் சட்டத்துறையினர் எழுப்பிய நீண்டகால எதிர்ப்புக்குப் பின், சி.எச். பெக் பதிப்பகம் 2021இல் இந்நூல்களின் பெயர்களை முறையே ‘ஹாபர்சாக்’, ‘க்ரூனெபெர்க்’ என்று மாற்றியது.

பெயர் மாற்றம் சிறிது; அதன் பின்னுள்ள வரலாறு சிறிதன்று. தேர்வு அரசின் கையில் இருப்பதால், அரசு கெட்டுப்போனபோது தேர்வும் அதனுடன் சென்றது. பிற்காலத்தில் செபாஸ்டியன் ஹாஃப்னர் என்ற புனைபெயரில் புகழ்பெற்ற எழுத்தாளர் 1933இல் பெர்லின் மேல் நீதிமன்றத்தில் பயிற்சியாளர். அவ்வாண்டு மார்ச் இறுதியில் அந்நீதிமன்ற நூலகத்துக்குள் நாஜிச் சீருடைப் படையினர் புகுந்து யூதர்களை வெளியேற்றியதையும், தன்னிடம் ஆரியனா என்று கேட்டபோது ஆம் என்று சொல்லிவிட்டு அதற்காக நாணியதையும் அவர் பதிவு செய்துள்ளார். இரண்டாம் தேர்வு எழுத விரும்பிய பிரஷ்யப் பயிற்சியாளர்கள் அனைவரும் யூட்டர்போக் ஊரில் அமைக்கப்பட்ட முகாமில் வாரக்கணக்கில் அணிவகுத்து, பாடி, துப்பாக்கி சுடப் பழக வேண்டியிருந்தது. ஹாஃப்னரும் அங்கே இருந்தார். நாடுகடந்து இங்கிலாந்தில் 1939இல் அவர் எழுதிய இந்நினைவுகள், அவருடைய மறைவுக்குப் பின் 2000இல்தான் நூலாக வெளிவந்தன. கட்டாயப் பாடங்களைக் கற்பிக்கையில் நாஜி ஆட்சியின் அநீதியையும் கிழக்கு ஜெர்மனியின் கட்சிச் சர்வாதிகாரம் இழைத்த அநீதியையும் ஆராய வேண்டும் என்ற விதி நீதிபதிகள் சட்டத்தில் 2021ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம்தான் ஏறியது என்பது, இந்நாட்டின் சட்டக் கல்வி எவ்வளவு மெதுவாகத் தன்னைத் திரும்பிப் பார்க்கிறது என்பதைக் காட்டுகிறது.

பேராசிரியர் தம் ஆய்வில் ஆர்வமுள்ளதைக் கற்பிக்க, அரசு தான் விரும்புவதைக் கேட்க, இடையிலுள்ள பள்ளத்தில் வளர்ந்த தொழில் ‘ரெப்பெட்டிட்டோரியும்’ எனப்படும் தனியார் தேர்வுப் பயிற்சி. இது நீட் தேர்வைச் சுற்றி நம்மூரில் முளைத்த கோச்சிங் சென்டர்களின் உறவினர் என்றாலும் வயதில் மிக மூத்தது. ஸ்ட்ராஸ்பூர்கில் 1770இல் சட்டம் படிக்கச் சென்ற கவிஞர் கோதே, தேர்வுக்கு வேண்டியதை மட்டும் வினா விடையாகத் தந்த ஒரு பயிற்றுநரிடம் சென்றதைத் தன்வரலாற்றில் குறித்திருக்கிறார். (அவருடைய ஆய்வேடு ஏற்கப்படாமல், முனைவருக்குக் கீழ்ப்பட்ட பட்டத்தோடு திரும்பினார் என்பது வேறு கதை.) மியூன்ஸ்டரில் தோன்றிய ‘ஆல்ப்மான் ஷ்மிட்’, வியூர்ட்ஸ்பூர்கில் தோன்றிய ‘ஹெம்மர்’ போன்ற நிறுவனங்கள் இன்று பல்கலைக்கழக நகரங்களில் கிளை பரப்பி, ஓராண்டு முழுவதும் வாரந்தோறும் வழக்குகளைத் தீர்த்துக் காட்டுகின்றன. பல்கலைக்கழகங்களும் இலவசப் பயிற்சி வகுப்புகளையும் மாதிரித் தேர்வுகளையும் நடத்துகின்றன. ஆயினும் கல்விக் கட்டணமே இல்லாத அரசுப் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு, கடைசி ஆண்டில் தனியாருக்குப் பணம் கட்டும் வழக்கம் மாணவரிடையே இயல்பாகிவிட்டது. இதைப் பல்கலைக்கழகங்களின் தோல்வி என்று சொல்வதில் தவறில்லை.

தேர்வு என்பது பெரும்பாலான மாநிலங்களில் ஆறு அல்லது ஏழு நாள், நாளொன்றுக்கு ஐந்து மணி நேரம் என்று ஏறத்தாழ இரு வாரங்களில் நிகழும் எழுத்துத் தேர்வும், மாதங்கள் கழித்து வரும் வாய்மொழித் தேர்வும் ஆகும். நான்கைந்து ஆண்டுகளில் படித்த அனைத்தும் ஒரே நேரத்தில் கேட்கப்படும். மதிப்பீடு 18 புள்ளிகளில். நான்கு பெற்றால் தேர்ச்சி, ஒன்பது பெற்றால் ‘பிரெடிகாட்’ எனப்படும் சிறப்புத் தேர்ச்சி. பதினாறைத் தொடுபவர் நூற்றில் ஒருவர்கூட இல்லை. ஏறத்தாழக் கால் பங்கினர் தேறுவதில்லை. ஆகவே ஒன்பது புள்ளி எடுத்த மாணவர், அதாவது பாதி மதிப்பெண் பெற்றவர், வீட்டில் கொண்டாடப்படுவதை அயல்நாட்டு உறவினருக்கு விளக்குவது எளிதன்று. தேர்வை ஒருமுறைதான் மீண்டும் எழுதலாம். குறித்த பருவத்துக்குள் முன்கூட்டியே எழுதுபவருக்கு மட்டும், தோற்றாலும் கணக்கில் சேராத ‘ஃப்ராய்ஷுஸ்’ என்னும் இலவச வாய்ப்பு உண்டு. திருத்துநரின் கருத்தோடு மாறுபட்டதற்காகவே புள்ளி குறைக்கப்பட்டது என்று தேர்வர்கள் தொடுத்த வழக்கில், தக்க காரணங்களோடு நிறுவப்பட்ட, ஏற்கத்தக்க விடையைத் தவறு என்று திருத்தக் கூடாது எனக் கூட்டாட்சி அரசமைப்பு நீதிமன்றம் 1991 ஏப்ரல் 17 அன்று அளித்த தீர்ப்பு, சட்ட மாணவர்கள் தமக்காகவும் பிற துறை மாணவர்களுக்காகவும் வென்றெடுத்த உரிமை.

இரண்டு முறையும் தோற்றவர் நிலை கொடிது. ஐரோப்பிய உயர்கல்விச் சீர்திருத்தத்துக்குப் பின் பெரும்பாலான துறைகள் இளநிலை, முதுநிலை என்று பிரிந்தபோதும் சட்டம் பிரியாமல் நின்றதால், ஐந்தாறு ஆண்டுகள் படித்தவர் கையில் பள்ளியிறுதிச் சான்றிதழைத் தவிர வேறொன்றும் எஞ்சாத நிலை நெடுங்காலம் நீடித்தது. படிப்பின் நடுவிலேயே இளநிலைப் பட்டம் வழங்கும் ஏற்பாட்டைச் சில மாநிலங்களும் பல்கலைக்கழகங்களும் அண்மையில்தான் கொண்டுவந்தன. ரேகன்ஸ்பூர்க் பல்கலைக்கழக உளவியலாளர்கள் நானூறுக்கு மேற்பட்ட சட்ட மாணவர்களை ஓராண்டுக்கு மேல் பின்தொடர்ந்து செய்த ஆய்வு, தேர்வு நெருங்க நெருங்க மனஅழுத்தமும் பதற்றமும் ஏறி, தேர்வுக்குப் பின் இறங்குவதை அளந்து காட்டியது. மாணவர்களுக்கு இது செய்தியாக இருந்திருக்காது.

முதல் தேர்வில் வென்றவருக்கு ‘ரெஃபரெண்டாரியாட்’ எனப்படும் ஈராண்டுப் பயிற்சி காத்திருக்கிறது. மாநிலம் தரும் மாத உதவித்தொகையுடன் உரிமையியல் நீதிமன்றம், அரசு வழக்குரைஞர் அலுவலகம், நிர்வாகத்துறை, வழக்கறிஞர் அலுவலகம் என்று அவர் சுற்றுகிறார். சிறு குற்ற வழக்குகளில் கறுப்பு அங்கி அணிந்து அரசுத் தரப்பில் தாமே தண்டனை கோரும் நாள், பலருக்கும் புத்தகம் முதன்முறையாக மனிதரைச் சந்திக்கும் நாள். இந்த அங்கி எல்லோருக்கும் ஒருபோல் கிட்டியதில்லை: பெண்கள் நீதிபதியாகவும் வழக்கறிஞராகவும் ஆவதற்கு 1922ஆம் ஆண்டுச் சட்டமே வழிவிட்டது. ஹெஸ்ஸென் மாநிலத்தில் தலைமுக்காடு அணிந்த பயிற்சியாளர் ஒருவர் நீதிபதியின் இருக்கைப் பக்கம் அமரவும் அரசு சார்பில் தோன்றவும் விதிக்கப்பட்ட தடை, 2020இல் அரசமைப்பு நீதிமன்றத்தால் செல்லும் என ஏற்கப்பட்டது. படிக்க யாரும் தடுக்காத ஒருவர், அரசின் முகமாகத் தோன்றும் இடத்தில் தடுத்து நிறுத்தப்படுகிறார்.

ஈழத்திலிருந்து 1980களில் தஞ்சம் புகுந்தோரின் பிள்ளைகளுக்கு ஜெர்மன் பள்ளிமொழி என்பதால் இப்படிப்பு எட்டக்கூடியதே. வழக்கறிஞராக ஜெர்மானியக் குடியுரிமை தேவையில்லை, நீதிபதியாக அது கட்டாயம். இந்தியாவில் சட்டம் முடித்துச் செல்பவர்களின் வழி வேறு. அவர்கள் பெரும்பாலும் ஓராண்டு எல்.எல்.எம். படிப்பில், அதுவும் மியூனிக் அறிவுசார் சொத்துரிமைச் சட்ட மையம் போன்ற ஆங்கிலவழி இடங்களில் சேர்கிறார்கள். அப்பட்டம் ஆய்வுக்கும் நிறுவன வேலைக்கும் உதவுமே அன்றி, அதைக் கொண்டு ஜெர்மானிய வழக்கறிஞராகப் பதிவு செய்ய இயலாது.

சீர்திருத்தக் குரல்களுக்குக் குறைவில்லை. 1971இல் தொடங்கிப் பிரேமன் உள்ளிட்ட சில பல்கலைக்கழகங்கள் படிப்பையும் பயிற்சியையும் ஒரே ஓட்டமாக இணைத்துப் பார்த்த சோதனை, 1980களின் நடுப்பகுதியில் முடிவுக்கு வந்தது. 2022இல் ‘இயூர்.ரீஃபார்ம்’ என்ற தன்னார்வக் குழு ஏறத்தாழ 12,000 பேரிடம் நடத்திய கருத்தறிதலில் பாதிக்கு மேற்பட்டோர் இக்கல்விமுறையில் நிறைவில்லை என்றனர். 2024 ஜூனில் ஹானோவரில் கூடிய மாநில நீதி அமைச்சர்கள் அடிப்படைச் சீர்திருத்தத்துக்குத் தேவை இல்லை என்று முடிவெடுத்தார்கள். அதே அமைச்சர்களின் மாநிலங்கள் பலவற்றில், மூத்த நீதிபதிகள் அலை அலையாக ஓய்வு பெறுவதால் இடங்களை நிரப்ப ஆள் போதாமல், நீதிபதி பதவிக்கு முன்பு கோரிய ஒன்பது புள்ளி வரம்பு எட்டாகவும் அதற்குக் கீழும் தளர்த்தப்பட்டு வருகிறது.