குடெக்: பலாக்காயை ராத்திரி முழுக்க வேகவைக்கிற ஊர்

இந்தோனேசிய சாப்பாடுன்னா நாசி கோரெங், சத்தே, அதோட நிறுத்திக்கிறோம். இன்னைக்கு எங்க பக்கத்து ஆட்களுக்கு ரொம்ப நெருக்கமா இருக்க வேண்டிய ஒரு ஐட்டம்: குடெக்.

பண்ருட்டியிலிருந்து காடாம்புலியூர் வழியா நெய்வேலி போற ரோட்ல கோடையில வந்திருந்தீங்கன்னா தெரியும். ரோட்டோரம் பலாப்பழம் குவியல் குவியலா கிடக்கும். நமக்கு பலான்னா பழம். சுளையைத் தின்னுட்டு, கொட்டையைச் சுட்டுச் சாப்பிட்டா கதை முடிஞ்சது. ஜாவா தீவுல இருக்கிற யோக்யகர்த்தா தலைகீழ். அங்கே பலா, பிஞ்சிலேயே அடுப்புக்குப் போயிடும். அந்த ஊருக்கே 'குடெக் நகரம்'னு பட்டப்பேர்.

செய்முறை சிம்பிள், பொறுமைதான் வேணும். பலாமூசை வெட்டி, தேங்காய்ப்பால், தென்னை வெல்லம், பூண்டு, சின்ன வெங்காயம், மல்லி விதை, பேரரத்தை எல்லாம் சேர்த்து, சின்ன தீயில மணிக்கணக்கா விடணும். பல கடைகள்ல ராத்திரி முழுக்க வேகும். கூடவே தேக்கு இலை! சின்ன வயசுல தேக்குத் தளிரை உள்ளங்கையில கசக்கி, ரத்தம்னு சொல்லி யாரையாவது பயமுறுத்தியிருப்பீங்களே, அதே சாயம்தான். குடெக்கோட செம்பழுப்பு நிறம் அதுலேர்ந்து வருது. கெமிரின்னு ஒரு கொட்டையும் அரைச்சுப் போடுவாங்க. அது கிடைக்காத நாடுகள்ல பதிலுக்குப் போடுறது என்ன தெரியுமா? முந்திரி. பண்ருட்டிக்காரங்க சிரிச்சுக்கலாம்.

நல்லா இனிக்கும். நம்ம நாக்குக்கு முதல் வாய் கொஞ்சம் இடிக்கும். அதனாலதான் தட்டுல சோறு, முட்டை, கோழியோட காரமா மாட்டுத்தோல் கறியும் வைக்கிறாங்க. 'க்ரெசெக்'னு பேரு. என்னைக் கேட்டா, அந்தக் காரம் இல்லாம குடெக் பாதிதான்.

இப்போ முக்கியமான விஷயம். தேங்காய்ப்பால் சுண்டச் சுண்ட குடெக் உலர்ந்துடும். உலர்ந்தது சீக்கிரம் கெடாது. மண்சட்டியிலேயும் மூங்கில் பெட்டியிலேயும் கட்டிக் கொடுக்கிறாங்க, ஊருக்குப் போறவங்க வாங்கிட்டுப் போறாங்க. டின்லயும் வருது. அதாவது பலாக்காயை நாலு நாள்ல அழுகுற சரக்கா இல்லாம, பெட்டியில ஊர் தாண்டுற சரக்கா மாத்திட்டாங்க.

நம்ம விவசாயிக்கு அந்த வழி இல்லை. சீசன்ல எல்லார் மரமும் ஒரே நேரத்துல பழுக்குது, விலை விழுது. 2011 டிசம்பர் 30-ல தானே புயல் கடலூர் பக்கம் கரையேறினப்போ முந்திரியும் பலாவும் வேரோட சாய்ஞ்சது. புதுசா நட்ட கன்னு காய்க்கவே பல வருஷம். பழத்தை மட்டும் நம்பினா ரிஸ்க் எவ்வளவுன்னு பாருங்க. இத்தனைக்கும், கொத்தா காய்ச்ச கிளையில சில பிஞ்சை எடுத்துட்டாதான் மிச்சம் நல்லா பெருக்கும். எடுக்கிற அந்தப் பிஞ்சுதான் யோக்யகர்த்தாவுல சரக்கு! (தானா உதிர்ற சின்னது நிறைய ஆண் பூதான், அது கறிக்கு ஆகாது.)

நமக்கு பலாக்காய் சமைக்கத் தெரியாதுன்னு இல்லை. கூட்டு இருக்கு, பொரியல் இருக்கு, பிரியாணியும் இருக்கு. இலங்கையில 'பொலொஸ்'னு பிஞ்சுக் கறியை டின்ல அடைச்சு வெளிநாட்டுக்கே அனுப்புறாங்க. நம்மகிட்ட அது வீட்டுச் சமையலாவே நின்னுடுச்சு.

செஞ்சு பார்க்கணும்னா, வெட்டுறதுக்கு முன்னாடி கையிலேயும் கத்தியிலேயும் நல்லெண்ணெய் தடவிக்கோங்க, பால் ஒட்டாது. தென்னை வெல்லம் இல்லைன்னா கருப்பட்டி போதும். தேக்கு இலை கிடைக்கலைன்னா டீ டிகாஷன் ஊத்துங்க. வெளிநாட்டுல இருக்கிற ஜாவாக்காரங்களே அப்படித்தான் செய்றாங்க.