கோபம் யார் மேலே?



நம்ம நாட்டுக்கும் பாகிஸ்தானுக்கும் ஏன் பகை மூளுகிறது? பேப்பரில் படித்ததையும், சமூக அறிவியல் டீச்சர் மேப் வைத்துச் சொன்னதையும் சேர்த்து எழுதியிருக்கிறேன். கடைசியில் நான் செய்த ஒரு தப்பையும் சொல்கிறேன்.

என்ன நடந்தது?

2025 ஏப்ரல் 22. காஷ்மீரில் பஹல்காம் பக்கத்தில் ஒரு புல்வெளி. சுற்றுலா வந்தவர்களைத் தீவிரவாதிகள் மதம் கேட்டுச் சுட்டார்கள். 26 பேர் இறந்துபோனார்கள். அதில் ஒருவர் அந்த ஊர்க் குதிரைக்காரர். அவர் முஸ்லிம். இதை ஞாபகம் வச்சுக்குங்க.

தீவிரவாதிகளுக்குப் பாகிஸ்தான் இடம் கொடுக்கிறது என்று இந்தியா சொன்னது. பாகிஸ்தான் இல்லை என்றது.

பகை ஏறிய படிகள்

1. ஏப்ரல் 23: சிந்து நதிநீர் ஒப்பந்தத்தை இந்தியா நிறுத்தி வைத்தது. அட்டாரி எல்லையையும் மூடியது.
2. ஏப்ரல் 24: இந்திய விமானங்கள் தன் வான்வழியில் பறக்கக் கூடாது என்றது பாகிஸ்தான். வியாபாரத்தையும் நிறுத்தியது.
3. மே 7: 'ஆபரேஷன் சிந்தூர்' என்று 9 இடங்களில் இந்தியா தாக்கியது. பிறகு இரண்டு பக்கமும் குண்டு, டிரோன். ஒன்றும் அறியாத ஜனங்களும் செத்தார்கள். அன்றைக்கு நம்ம கல்பாக்கத்தில்கூடப் போர் ஒத்திகை நடந்தது.
4. மே 10: ராணுவ அதிகாரிகள் போனில் பேசினார்கள். மாலை 5 மணியிலிருந்து சண்டையை நிறுத்த ஒப்புக்கொண்டார்கள்.

நம்ம ஊர் வரப்புத் தகராறு மாதிரிதான். ஒருத்தர் மடையை அடைச்சா, இன்னொருத்தர் பாதையை அடைப்பார். அப்புறம் கம்பு. ஆனால் இந்த இரண்டு நாடுகளிடமும் அணுகுண்டு இருக்கிறது. அதனால்தான் உலகமே பயப்படுகிறது.

தண்ணீர் ஏன் வந்தது?

1960-ல் நேருவும் அயூப்கானும் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் அது. ராவி, பியாஸ், சட்லெஜ் இந்தியாவுக்கு. சிந்து, ஜீலம், செனாப் பெரும்பாலும் பாகிஸ்தானுக்கு. 1965, 1971, 1999 போர்களில்கூட அதை நிறுத்தவில்லை. சுட்டவர்கள் துப்பாக்கிக்காரர்கள். தண்ணீருக்குக் காத்திருப்பதோ அந்த ஊர் விவசாயி. ஜூன் 12-ல் மேட்டூர் திறக்குமா என்று காத்திருக்கும் நமக்கு இது புரியும்.

என் தப்பு

அந்த மே லீவில் தெருவில் விளையாடும்போது, என் தோழியைப் பார்த்து ஒரு பையன், "உங்க ஆளுங்கதானே குண்டு போடுறாங்க?" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மறுநாளிலிருந்து அவள் விளையாட வரவில்லை.

வீட்டில் சொன்னேன். சின்னத் தாத்தா கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம் சொன்னார்: "1991-ல காவிரித் தகராறு வந்தப்ப நான் பெங்களூர்ல டீக்கடை வச்சிருந்தேன் பாப்பா. தமிழன்னு சொல்லி கடையை அடிச்சு நொறுக்கிட்டாங்க. காவிரியை நானா கட்டி வச்சிருந்தேன்? கட்டின துணியோட ஊருக்கு வந்தேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தாத்தா தண்ணீர் கேட்டுச் சண்டை போடவில்லை. என் தோழியும் யாரையும் சுடவில்லை. அவளுடைய பாட்டனார் காலத்திலிருந்தே நம்ம ஊர்தான். பஹல்காமில் சுட்டவன், குதிரைக்காரர் முஸ்லிம் என்று பார்த்தா விட்டான்?

அன்று சாயங்காலமே அவள் வீட்டுக்குப் போய், "மன்னிச்சுக்கடி" என்றேன். முதலில் பேசவில்லை. நாலாம் நாள் பாண்டி ஆட வந்தாள். ஆனால் இன்னும் டி.வி.யில் அந்தச் செய்தி வந்தால் எழுந்து போய்விடுகிறாள். அவளைக் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். "பேர் மட்டும் போடாதே" என்றாள்.

சிந்திப்போம்!

தீவிரவாதி மேல் கோபம் வரணும். அது நியாயம். அவனைப் பிடிக்கணும், தண்டிக்கணும். ஆனால் அந்தக் கோபம் ஒரு நாட்டு ஜனங்கள் மேலே தாவி, அப்புறம் நம்ம பக்கத்து பெஞ்சு மேலே தாவினால், சுட்டவன் நினைத்தது நடந்துவிடும். எல்லையைக் காக்க ராணுவம் இருக்கிறது. பக்கத்து பெஞ்சை நாம்தான் காக்கணும்.

அடுத்த முறை யாராவது அப்படிக் கேலி செய்தால், நீங்கள் சிரிக்காதீர்கள். அதுபோதும்.



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி,
நன்னிலம்