குதிரைக்குக் குளம்பு கன்றினால்

சரளைக்கல் பரவிய பாதையில் கூர்ங்கல்லை மிதிப்பதாலும், பொருந்தாத லாடம் அழுத்துவதாலும் குதிரையின் குளம்படி கன்றிப்போவதுண்டு. உள்ளேயுள்ள மெல்லிய தசையில் இரத்தம் கசியும். மேலோடு கடினமாதலால் வீக்கம் வெளியே தோன்றாது. உள்ளேயே நெருக்கி வலியை மிகுவிக்கும். குதிரை நொண்டும், குளம்பும் சூடாயிருக்கும்.

இதற்கு முதன்மையான சிகிச்சை ஓய்வே. பொருந்தாத லாடத்தைக் கழற்றி, உலர்ந்த வைக்கோல் கனமாகப் பரப்பிய லாயத்தில் குதிரையை நிறுத்த வேண்டும். முதல் இரண்டு நாட்கள், தினம் இரண்டு மூன்று முறை, 15 அல்லது 20 நிமிஷம் குளிர்ந்த நீரில் குளம்பை வைத்தல் நலம். நாள் முழுதும் ஈரத்தில் நிறுத்தலாகாது, குளம்படி இளகிவிடும். கன்றிய இடத்தைக் கத்தியால் சுரண்டுதலும் பெருந்தவறு. குளம்படி மெலிந்தால் அடுத்த கல் இன்னும் ஆழமாய்த் தாக்கும்.

வலி திடீரென்று அதிகரித்து, குதிரை காலை ஊன்ற மறுக்குமாயின் உள்ளே சீழ் கோத்திருத்தல் கூடும். மிருக வைத்தியரைக் கொண்டே அதனை வெளியேற்றுவித்து, தனுர்வாயு வராதபடி ஊசியும் போடுவித்தல் அவசியம்.

கடினத் தரையில் நடத்தி, நொண்டல் அறவே இல்லையென்று கண்ட பின்னரே வண்டியிற் பூட்ட வேண்டும். ஒரு நாள் வாடகையை எண்ணி முன்னதாகப் பூட்டுவோர் பல வார வாடகையை இழக்க நேரிடும்.