படுத்தபடி மிதிக்கும் சைக்கிளுக்கு எந்த டீரெய்லர்?

1933 ஜூலை 7 அன்று பாரிஸ் நகரில் ஃபிரான்சிஸ் ஃபோர் என்ற வீரர் ஒரு மணி நேரத்தில் 45.055 கிலோமீட்டர் சைக்கிள் ஓட்டினார். 1914 முதல் யாரும் தொடாமலிருந்த ஆஸ்கர் எக்கின் 44.247 கிலோமீட்டர் சாதனை அன்று முறிந்தது. ஃபோர் ஓட்டியது, முதுகைச் சாய்த்துக் கால்களை முன்னால் நீட்டி மிதிக்கும் ரிக்கம்பென்ட் சைக்கிள். வடிவமைத்தவர் சார்ல் மோஷே. மறு ஆண்டே சர்வதேச சைக்கிள் சம்மேளனம் பந்தய சைக்கிள் எப்படி இருக்க வேண்டும் என்று விதி வகுத்து, இந்த வகையைப் போட்டிகளிலிருந்து விலக்கிவிட்டது.

பந்தயத்தில் இடமில்லாத சைக்கிளுக்குப் பெரிய சந்தை உருவாகவில்லை. அதனால் இன்றும் ரிக்கம்பென்டில் பூட்டப்படும் கியர் பாகங்களில் பெரும்பாலானவை ரோடு சைக்கிளுக்கோ மலைப்பாதை சைக்கிளுக்கோ செய்யப்பட்டவை. ஓரிடத்தில் கையால் கியர் மாற்றும் ஷிஃப்டர், இன்னோரிடத்தில் டீரெய்லர் என்று வாங்கிப் பூட்டும்போது இரண்டும் ஒத்துப்போகுமா என்று பார்க்கும் பொறுப்பு ஓட்டுபவர் தலையில் விழுகிறது.

டீரெய்லர் என்பது ஓடும் செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து அடுத்ததற்குத் தள்ளும் கருவி. சாதாரண சைக்கிளில் மேடு வந்தால் சீட்டை விட்டு எழுந்து, உடல் எடையைப் பெடலில் இறக்கி ஏறிவிடலாம். சாய்ந்து உட்கார்ந்தவருக்கு அந்த வசதி கிடையாது. மேட்டைக் கடக்க அவருக்கு இருக்கும் ஒரே வழி கியரைக் குறைப்பதுதான். சிக்னலில் நிற்பதற்கு முன்பே குறைக்காவிட்டால் மறுபடி கிளம்புவதும் சிரமம். ஆகவே ரிக்கம்பென்டில் கியர் தடுமாறாமல் மாறுவது அவசியத் தேவை.

முதலில் பார்க்க வேண்டியது கேபிள் கணக்கு. ஷிஃப்டர் ஒரு கிளிக்கில் எத்தனை மில்லிமீட்டர் கேபிளை இழுக்கிறது, அந்த இழுப்புக்கு டீரெய்லர் எவ்வளவு நகர்கிறது என்பவை தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். ஷிமானோ நிறுவனத்தின் 9 வேக ஷிஃப்டர் ஒரு கிளிக்குக்குச் சுமார் 2.5 மி.மீ. இழுக்கும். அதே தலைமுறை டீரெய்லர் அதை 1.7 மடங்காக்கி, ஏறக்குறைய 4.3 மி.மீ. நகரும். பின்சக்கரத்திலுள்ள பல்சக்கரத் தொகுதியான 9 வேக கேசட்டில் அடுத்தடுத்த பல்சக்கரங்களுக்கு இடையே உள்ள தூரமும் 4.35 மி.மீ. தான். அதே ஷிஃப்டருடன் ஷிமானோவின் 10 வேக மலை சைக்கிள் டீரெய்லரைப் பூட்டினால் பெருக்கம் 1.2 மடங்குதான். செயின் 3 மி.மீ. நகர்ந்து, இரண்டு பல்சக்கரங்களுக்கு நடுவே உரசிக்கொண்டு நிற்கும். பெட்டியில் ஒரே நிறுவனத்தின் பெயர் இருப்பது போதாது. ஸ்ராம் நிறுவனத்தின் பழைய 9 வேக மலை சைக்கிள் ஷிஃப்டர்கள் இன்னும் அதிகமாக இழுப்பவை. அவற்றுக்கு அதே வரிசையின் டீரெய்லரே பொருந்தும்.

அடுத்தது, பின்பக்க டீரெய்லரின் கூண்டு (செயினை இழுத்துப் பிடிக்கும் கை) தளரும் செயினைச் சுருட்டி வைக்கும் கொள்ளளவு. முன்னால் 52, 42, 30 பற்கள், பின்னால் 11 முதல் 34 வரை என்று வைத்துக்கொள்வோம். முன்பக்க வித்தியாசம் 22, பின்பக்க வித்தியாசம் 23, ஆக மொத்தம் தேவைப்படும் கொள்ளளவு 45. ஷிமானோவின் நீளக் கூண்டு மலை சைக்கிள் டீரெய்லர்கள் பல இந்த 45-ஐத் தாங்கும். குட்டைக் கூண்டு ரோடு டீரெய்லர் தாங்காது. சிறிய சக்கரத்திலிருந்து சிறிய சக்கரத்துக்கு ஓடும்போது செயின் தொங்கிவிடும்.

பின்சக்கரம் 20 அங்குலம் என்றால் இன்னொரு கவனமும் தேவை. அந்தச் சக்கரத்தில் நீளக் கூண்டின் அடிமுனைக்கும் தரைக்கும் இடையே சில சென்டிமீட்டர் இடைவெளிதான் மிஞ்சும். மண்பாதையில் புல்லும் குச்சியும் எளிதில் சிக்கும். அதற்குப் பதிலாக ஒரு லாபம் உண்டு. 30-க்கு 34 என்ற கியரில் ஒரு மிதிக்குச் சுமார் 1.3 மீட்டர்தான் நகரும். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு 5 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. மூன்று சக்கர ரிக்கம்பென்ட் இந்த வேகத்தில் செங்குத்தான மேட்டையும் நிதானமாக ஏறும். இரண்டு சக்கர வண்டியிலோ இவ்வளவு மெதுவாகப் போனால் சமநிலை தவறும்.

முன்பக்க டீரெய்லரில் சிக்கல் வேறு. அது வழக்கமாக சீட் குழாயில் உட்காரும்படி, செயின் பின்னோக்கிப் போகும் கோணத்தைக் கணக்கிட்டுச் செய்யப்பட்டது. ரிக்கம்பென்டில் பெடல் பூட்டிய கிராங்க், வண்டியின் மூக்கில் நீளும் குழாயில் இருக்கிறது. செயின் சீட்டுக்கு அடியிலுள்ள உருளையை நோக்கி இறங்குகிறது. செயினைத் தள்ளும் முன்பக்கக் கூண்டின் வால் அந்தச் சரிவோடு இணையாக நிற்க வேண்டும். கூண்டின் வளைவும் வெளிப்பல்சக்கரத்தின் அளவுக்கு ஒத்திருக்க வேண்டும்: 44 பற்களுக்கான கூண்டை 52 பற்களின் மேல் வைத்தால் செயின் உரசும்.

பாகங்கள் பொருந்தினாலும், நீளம் தொந்தரவு தரும். சாதாரண சைக்கிளுக்கு 116 கண்ணி கொண்ட ஒரு செயின் போதும். ரிக்கம்பென்டுக்கு இரண்டரை, மூன்று செயின்களை இணைக்க நேரிடும். அது கடந்துபோகும் பிளாஸ்டிக் குழாய்களிலும் உருளைகளிலும் அழுக்கு சேர்ந்தால் டீரெய்லரின் ஸ்பிரிங்கால் இழுக்க முடியாமல் போகும். கடையில் கிடைக்கும் வழக்கமான 2.1 மீட்டர் கியர் கேபிளும் பல மாடல்களுக்கு எட்டாது. இருவர் ஓட்டும் டேண்டம் சைக்கிளுக்கான நீளக் கேபிள் கேட்டு வாங்க வேண்டும். வெளியுறையாக பிரேக் அவுட்டரைப் போடவே கூடாது. சுருள்கம்பியால் ஆன அது இழுக்கும்போது அமுங்கி, கிளிக்கின் ஒரு பகுதியை விழுங்கிவிடும். நீளவாக்கில் கம்பிகள் ஓடும் கியர் அவுட்டர், தேவையானதற்கு மேல் வளைவில்லாமல் போக வேண்டும்.

பேட்டரியில் இயங்கும் மின்னணு டீரெய்லர்களில் கேபிள் உரசல் என்ற பேச்சே இல்லை. ஆனாலும் கொள்ளளவும், தாங்கக்கூடிய பெரிய பல்சக்கரத்தின் அளவும் அவற்றுக்கும் உண்டு, விலையும் அதிகம். கலவையான பாகங்களோடு ஓட்டுபவர்களுக்குச் சிக்கனமான வழி ஹேண்டில் முனையில் பூட்டும் பார்-எண்ட் ஷிஃப்டர். ஷிமானோவின் 9 வேக மாடலில் வலது ஷிஃப்டரிலுள்ள வளையத்தைத் திருப்பினால் கிளிக் போய்விடும். செயின் சரியாக உட்காரும் வரை கையாலேயே நகர்த்திக்கொள்ளலாம். இடது ஷிஃப்டருக்குக் கிளிக்கே கிடையாது, அதனால் முன்பக்கத்தில் எந்த நிறுவனத்து டீரெய்லர் இருந்தாலும் பெரும்பாலும் அதை வைத்துச் சமாளித்துவிடலாம்.